ஆடி முடிந்து பதினேழு நாள்

மார்ச் 4

மூன்று நாள் தீர ஆலோசித்தபின் இன்று மாலை 6.10க்கு முடிவெடுத்தேன்: கோப்பு நீல நிறத்தில் இருக்கும். பச்சைக் கோப்பைப் பார்த்தால் மரம் நடும் இயக்கம் என்று தோன்றும். சிவப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. நாங்கள் கேட்கப்போவதே சிவப்பு அடையாள அட்டை. கோப்பும் சிவப்பாக இருந்தால் அவசரப்படுவதாக நினைத்துவிடுவார்கள். "எல்லாம் ஒரே அட்டதான் அங்கிள்" என்றாள் கடைக்காரப் பெண். பொறுப்பில்லாத பேச்சு.

பின்னால் படிப்பவர் தெரிந்துகொள்ள: நான் லோகநாதன், வயது 44, மலேசியாவில் ஈப்போ. பதினெட்டு ஆண்டாக வாகனக் காப்புறுதி மதிப்பீட்டாளர். ஒருவர் காரை மோதிவிட்டு "மாடு குறுக்கே வந்தது" என்று எழுதினால், அந்த மாட்டைத் தேடிப் போவது என் வேலை. பெரும்பாலும் மாடு இருக்காது. மனைவி செங்கமலம், வயது 36, ஊர் மன்னார்குடி. திருமணமாகி ஐந்து ஆண்டு ஒன்பது மாதம். ஆண்டுதோறும் அவளுடைய விசாவைப் புதுப்பிக்க இருவரும் போய் நிற்கிறோம். கணவன் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். விசாவின் அடியில், வேலை செய்யக்கூடாது என்று ஒரு முத்திரை. ஊரில் ஆறு ஆண்டு கணக்கு டீச்சராக இருந்தவள் இங்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சும்மா பின்னம் சொல்லிக்கொடுக்கிறாள். சிவப்பு அட்டை, அதாவது நிரந்தர வசிப்புரிமை, கிடைத்தால் அவள் மறுபடி டீச்சராகலாம். என் கையெழுத்தும் தேவைப்படாது.

என் வழக்கப்படி ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நாட்குறிப்பு. இது இந்தக் கோப்புக்கு.

மார்ச் 5

நகல் எடுத்தேன். நாற்பத்திரண்டு பக்கம். கல்யாணப் படத்தில் நான் மெலிந்து தெரிகிறேன். கேமராக் கோளாறு.

மார்ச் 9

விண்ணப்பத்தின் ஏழாம் பகுதி: திருமணத்துக்குப்பின் முப்பது நாளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் தேதியும் காரணமும் தருக. கமலத்தின் பாஸ்போர்ட்டைப் புரட்டினேன். அப்படி ஒரே ஒரு பயணம்தான். கல்யாணமான அதே ஆண்டு, ஜூலை 15 புறப்பாடு, செப்டம்பர் 2 வருகை.

காரணம் எளிது: ஆடி. புதுப்பெண்ணை ஆடி மாதம் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆடியில் கரு உண்டானால் பிள்ளை சித்திரை வெயிலில் பிறக்கும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஈப்போவில் சித்திரைக்கும் மார்கழிக்கும் ஒரே வெயில், ஒரே மழை. ஆனால் கணக்கு மன்னார்குடியில் போடப்பட்டது. இதை மலாயில் எழுதவேண்டும்.

முதல் வரைவு: "திருமணமான ஆறாம் வாரத்தில் மனைவியை அவள் பெற்றோர் திரும்ப அழைத்துக்கொண்டனர்." போலீஸ் புகார் போல இருக்கிறது.

இரண்டாம் வரைவு: "ஒரு மாதம் முழுவதும் தம்பதியர் சேர்ந்திருக்கக் கூடாது என்பது எங்கள் பண்பாடு." நாங்கள் எப்படி இத்தனை பேர் ஆனோம் என்று அதிகாரி யோசிக்கக்கூடும்.

மூன்றாம் வரைவு: "புதுமணப்பெண் குறிப்பிட்ட மாதத்தைத் தாய்வீட்டில் கழித்து, மாதம் முடிந்தவுடன் கணவன் வீட்டுக்குத் திரும்புவது வழக்கம்." இது நன்றாக இருந்தது. தேதி சரிபார்க்க மட்டும் பாக்கி.

மார்ச் 10

அந்த ஆண்டு ஆடி ஆகஸ்ட் 16ஆம் தேதி முடிந்துவிட்டது. மூன்று நாட்காட்டிகளில் பார்த்தேன். கமலம் வந்தது செப்டம்பர் 2. பதினேழு நாள்.

விபத்து நடந்தது திங்கள், புகார் கொடுத்தது வியாழன் என்றால், செவ்வாயும் புதனும் எங்கே போயின என்று கேட்பவன் நான். என் சொந்த வீட்டில் ஐந்தரை ஆண்டாகப் பதினேழு நாள் காணாமல் போய்க் கிடந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. அப்போது நான் கவனித்துக்கொண்டிருந்தது கம்பார் பக்கம் கவிழ்ந்த ஒரு பால்மாவு லாரியை. அவள் வந்த அன்றுகூட விமான நிலையத்துக்குப் போக முடியவில்லை, டாக்சி அனுப்பினேன். நல்ல டாக்சி. ஏர்கண்டிஷன் இருந்தது.

மார்ச் 11

அவளையே கேட்டுவிடலாம். ஆனால் சம்பந்தப்பட்டவரை முதலில் கேட்பது முறையல்ல. கதையை மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுத்ததாகிவிடும். முதலில் வண்டியைச் சுற்றிவந்து பார்க்கவேண்டும்.

மார்ச் 14

புஷ்பா அக்கா வந்தாள். என் உடன்பிறந்தவள், மூத்தவள், இரண்டையும் மறக்க விடமாட்டாள். கையில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம். கமலம் கோயிலுக்குப் போயிருந்தாள்.

"பசியாறிட்டியாடா? என்னது இது, நீலத்துல பைலு?"

சொன்னேன்.

"குடு, குடு. நல்லா குடு. அந்தச் செவப்பு ஐசி கைக்கு வர்ற வரைக்கும்தான் இந்த என்னங்க, வாங்க, போங்க எல்லாம். எங்க ஆபீஸ்ல ஒருத்தன் இப்படித்தான் வெளியூர்ல கட்டுனான். கார்டு வந்துச்சு. ஆள இன்னும் தேடிக்கிட்டு இருக்கான்லா."

"அக்கா, மொத வருஷம் ஆடிக்குப் போனாளே..."

"நான்தான் அப்பவே கேட்டேனே! ஆடி முடிஞ்சும் ஆளக் காணோமேன்னு. நீதான் 'வருவாக்கா, சும்மா இரு'ன்ன. அவங்கப்பாகூட போன் போட்டாரு. நான் இதே நாக்காலியிலதான் உக்காந்திருந்தேன். நீ அவருகிட்ட லாரிக் கதைய அளந்துக்கிட்டு இருந்த."

மாமனார் போன் செய்தது நினைவிருக்கிறது. "எப்ப வர்றீங்க மாப்ளே?" என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்கிறார் என்று, "தீபாவளிக்குப் பாக்கலாம் மாமா" என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கேள்வி. பிறகு மூன்றாம் முறை. ஒரு மனிதர் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டால் அவர் எதையோ மறைக்கிறார். குறித்துக்கொண்டேன்.

மார்ச் 17

கல்யாணச் சான்றிதழின் அசல் கமலத்தின் பெட்டியில் இருப்பதாகச் சொன்னாள். எடுக்கப்போனேன். அடியில், பழைய புடவைக்குக் கீழே, பிரிக்காத பிளாஸ்டிக் உறையில் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை. கூடவே சரிகைக்கரை வேட்டி. மன்னார்குடிக் கடை ரசீது பின் குத்தியிருக்கிறது. தேதி ஆகஸ்ட் 14, அதே ஆண்டு. சட்டை அளவு 40.

நான் 42. வெகுகாலமாக 42.

எடுத்த இடத்தில், எடுத்தபடியே வைத்துவிட்டேன். ஆக, ஆள் ஒருவர் இருக்கிறார், நடுத்தர உடம்பு, வேட்டி கட்டுபவர்.

மார்ச் 18

மேல்தெருக் கோயில் குருக்களைக் கூர்ந்து பார்த்தேன். குறைந்தது 46 இருப்பார். விட்டுவிட்டேன்.

மார்ச் 20

கமலம் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன். பத்து நிமிடம் ஆகியிருக்கலாம்.

"என்னங்க, நான் என்ன ஆக்சிடெண்டான காரா? நாலு நாளா சுத்திச் சுத்திப் பாக்குறீங்க."

"ஒண்ணுமில்ல."

"பம்பர் நசுங்கியிருக்கா?"

"தோச தீயுது" என்றேன். தீயவில்லை.

மார்ச் 24

செவ்வாயும் வியாழனும் மாலை நாலு மணிக்கு வெளியே போகிறாள். ஐந்தரைக்கு வருகிறாள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். எங்கே என்று கேட்டதற்கு "இங்கதாங்க, பக்கத்துல" என்றாள். இன்று காரைத் தெருமுனையில் நிறுத்திக் காத்திருந்தேன். பதினாலாம் எண் வீட்டுக்குள் போனாள். வாசலில் ஒரு ஜோடி ஆண்பிள்ளைச் செருப்பு, அளவு எட்டு இருக்கும். சட்டை 40க்கு எட்டு பொருந்தும்.

மார்ச் 28

கொடுத்தாகிவிட்டது.

ஏழாம் பகுதியில் அந்தப் பதினேழு நாளுக்கும் காரணம் எழுதவேண்டியிருந்தது. "தெரியாது" என்று எழுத அந்தக் கட்டம் இடம் கொடுக்காது. "மனைவியின் தாயாருக்கு உடல்நலக் குறைவு" என்று எழுதினேன். இதைப் பொய் என்று சொல்லமுடியாது. அறுபதை நெருங்கும் பெண்மணிக்குப் பதினேழு நாளில் ஒருநாளாவது தலை வலித்திருக்கும். கீழே, மேற்கண்ட யாவும் உண்மை என்று கையெழுத்துப் போட்டேன். கமலம் பக்கத்தில் நின்று, எழுத்து அழகாக இருக்கிறது என்றாள். எழுத்தை மட்டும் பார்த்தாள், படிக்கவில்லை.

மே 6

பதில் இல்லை. பதினாலாம் எண் வீட்டில் செருப்பு மாறியிருக்கிறது. இப்போது ஒன்பது.

ஜூலை 30

நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. கமலம் அதைச் சாமி படத்துக்கு முன் வைத்தாள். நான் எடுத்துக் கோப்பில் வைத்தேன். அவள் மறுபடி எடுத்துச் சாமி முன் வைத்தாள். நகல் எடுத்து ஒன்றைக் கோப்பில் வைத்தேன்.

ஆகஸ்ட் 20

காலை பத்து மணி. அதிகாரி ஐம்பது வயது மலாய் அம்மையார். இருவரையும் ஒன்றாகவே உட்காரவைத்தார். பேச்சு மலாயில், தமிழில் எழுதுகிறேன்; அம்மா, ஐயா என்பதற்கான புவான், துவான் மட்டும் அப்படியே.

முதலில் சில்லறைக் கேள்விகள். காலையில் கணவர் என்ன குடிப்பார்?

"சீனி இல்லாத கோப்பி" என்றாள் கமலம். "அதோடு சீனி போட்ட பலகாரம்."

அதிகாரி சிரித்தார். கமலத்தின் மலாய் என் மலாயைவிடச் சுத்தமாக இருந்தது. எங்கே கற்றீர்கள் என்று கேட்டார்.

"எங்கள் தெருவில், பதினாலாம் எண் வீட்டில். அந்த அம்மா ஓய்வுபெற்ற டீச்சர். நான் அவர் மகனுக்குக் கணக்கு சொல்லித்தருகிறேன். அவர் எனக்கு மலாய். இன்றைக்காகத்தான் கற்றுக்கொண்டேன்."

மகனுக்குப் பதினைந்து வயதாம். அந்த வயதில் கால் வளரும். பதினாலாம் எண் பற்றிய குறிப்பு இத்துடன் மூடப்படுகிறது.

பிறகு அதிகாரி ஏழாம் பகுதியைத் திறந்தார்.

"புவான், உங்கள் அம்மாவுக்கு அப்போது என்ன உடம்பு?"

"எப்போது?"

"முதல் ஆண்டு. ஆகஸ்ட் பதினேழு முதல் செப்டம்பர் இரண்டு வரை."

"அம்மாவுக்கு ஒன்றுமில்லையே. நன்றாகத்தான் இருந்தார்."

அதிகாரி கோப்பை அவள் பக்கம் திருப்பினார். கமலம் படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள்.

இந்த இடத்தில் அவள் "ஆமாம், காய்ச்சல், மறந்துவிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். இத்தனை ஆண்டு காத்திருந்த அட்டை. நான் விசாரித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்லியிருப்பார்கள்.

"இது சரியில்லை, புவான்" என்றாள். "ஆடி முடிந்தால் கணவர் வந்து அழைத்துக்கொண்டு போகவேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். பெண் தானாகக் கிளம்பி வரமாட்டாள். இவர் வரவில்லை. காத்திருந்தேன்."

"பதினேழு நாளா?"

"ஆமாம். விசா தேதி முடியப்போகிறதே என்று பிறகு தனியாகக் கிளம்பிவிட்டேன்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "துவான், நீங்கள் ஏன் போகவில்லை?"

ஒரு லாரி கவிழ்ந்திருந்தது என்றேன்.

"பதினேழு நாளா?"

கைவிசிறியால் இரண்டு முறை விசிறிக்கொண்டார். யார் எழுதியது இது என்று கேட்டார். நான்தான் என்றேன். மனைவியைக் கேட்டு எழுதினீர்களா? இல்லை. ஏன் கேட்கவில்லை? அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது முறை சம்பந்தப்பட்டது; அந்த மேசையில் சொன்னால் நன்றாக இருந்திருக்காது.

"தவறான வரியை ஒரே கோட்டில் அடியுங்கள். கீழே சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முடிவு என் கையில் இல்லை. மேலே இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள்" என்று தம் பேனாவை நீட்டினார்.

எழுதினேன். மலாயில் நான்கு சொல். தமிழில் மூன்று: கணவன் அழைக்க வரவில்லை. பேனாவில் சிவப்பு மை.

அதே நாள், மாலை

காரில் நடந்ததையும் எழுதவேண்டும்.

"நேரா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"என்னன்னு சொல்றது? வாங்க, வந்து என்னக் கூட்டிக்கிட்டுப் போங்கன்னா? அதக் கேட்டா வாங்குவாங்க?"

"எனக்கு அந்த வழக்கம் தெரியாது கமலம். இங்க யாரு அதெல்லாம்..."

"அப்பா மூணு தடவ கேட்டாரே, எப்ப வர்றீங்கன்னு."

"சும்மா கேக்குறாருன்னு நெனச்சேன்."

"டிரங்கால் போட்டா சும்மா கேப்பாங்க?" என்றாள். டிரங்கால் எல்லாம் போய் முப்பது ஆண்டு ஆகிறது. நான் திருத்தவில்லை. சிக்னலில் நின்றோம்.

"தெருவுல தெனம் ஒருத்தர் கேப்பாங்க. மாப்ள வரலையா, மாப்ள வரலையான்னு. கடசியில உங்களுக்கு மஞ்சக்காமாலைன்னு சொல்லிட்டேன்."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். எதிர்வீட்டு அத்த கீழாநெல்லி பறிச்சுக்கிட்டு வந்து குடுத்தாங்க, அனுப்பி வையின்னு. நீங்க பாட்டுக்கு எங்கம்மாவ நோயாளியாக்குறதுக்கு முன்னாடியே நான் உங்கள ஆக்கிட்டேன்." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "எல்லாத்தையும் தயாரா வச்சிருந்தாங்க. அப்பா உங்களுக்கு வேட்டி சட்டகூட எடுத்து வச்சிருந்தாரு."

"என்ன அளவு?"

"இது என்ன கேள்வி? நாப்பது. அப்ப நீங்க நாப்பதுதானே."

பெட்டியில் பார்த்ததைச் சொல்லவில்லை. விசாரணை முடிந்துவிட்டது. ஒன்று மட்டும் பாக்கி: ஆறு ஆண்டாக அதை ஏன் என்னிடம் கொடுக்கவில்லை? கேட்கலாம். முறை பார்த்துத் தள்ளிவைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 21

புஷ்பா அக்காவிடம் சொன்னேன். "இதெல்லாம் நம்புறியா நீ?" என்றாள்.

செப்டம்பர் 15

அலுவலகத்தில் ஒருவர் விபத்துத் தேதியைத் தப்பாக எழுதியிருந்தார். நிராகரிக்கவேண்டிய கோப்பு. அவரைப் போனில் கூப்பிட்டு ஏன் என்று கேட்டேன். பதினெட்டு ஆண்டில் இது முதல் முறை. எதிர்முனையில் அவரும் திகைத்துப்போனார்.

அடுத்த ஆண்டு, ஜூன் 11

நிரந்தர வசிப்புரிமை வழங்கப்பட்டது. கடிதத்தின் கடைசி வரி: இனிக் கணவர் நேரில் வரத் தேவையில்லை.

ஜூன் 26

சிவப்பு அட்டை. படத்தில் கமலம் சிரிக்கவில்லை, சிரிக்கக்கூடாதாம். வீட்டுக்கு வந்து, கண்ணாடி முன் அட்டையைக் கன்னத்தோரம் பிடித்துக்கொண்டு ஒரு முறை சிரித்துப் பார்த்தாள். நான் கூடத்திலிருந்து பார்த்தேன்.

ஜூலை 8

ஊருக்குப் போகிறாளாம். பட்டச் சான்றிதழில் ஏதோ முத்திரை வாங்கவேண்டுமாம். இங்கே ஒரு டியூஷன் மையத்தில் சேரக் கேட்கிறார்களாம். ஜூலை 15, திருச்சி விமானம்.

"திரும்ப எப்ப?"

"டிக்கெட் போகத்தாங்க போட்டிருக்கேன்."

"முத்திரைக்கு எத்தன நாளாகும்?"

"ஆடி மாசம் ஆபீஸ்ல எதுவும் சீக்கிரம் நடக்காது" என்றாள்.

ஜூலை 15

போனாள். விமான நிலையம்வரை நானே ஓட்டிப் போனேன். சான்றிதழ்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருக்கிறாள், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் உட்பட. டியூஷன் மையம் அதைக் கேட்டிருக்குமா என்று விசாரிக்கவேண்டும்.

ஜூலை 16

புஷ்பா அக்கா போன். "நான் சொன்னேன்ல?" என்பது மட்டும்தான் செய்தி. அதை வெவ்வேறு ராகத்தில் ஆறு முறை சொன்னாள்.

ஜூலை 19

துவைத்த துணியை அடுக்கப்போனேன். அலமாரியில் என் சட்டைகளுக்கு நடுவே அந்த 40 தொங்குகிறது, கூடவே அந்த வேட்டியும். உறை பிரித்து, இஸ்திரி போட்டு. எப்போது மாட்டினாள் என்று தெரியவில்லை.

ஜூலை 27

கமலம் போன் செய்தாள். மழை இல்லையாம், ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறதாம். வேலை முடிந்ததா என்றேன். ஆகிக்கொண்டிருக்கிறது என்றாள். எப்போது வருகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். மூன்று முறை கேட்டவரின் நினைவு வந்தது. கேட்கவில்லை.

மாமனார் இந்த முறை போன் செய்யவில்லை.

ஆகஸ்ட் 3

இந்திய விசாவுக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் வருகையின் நோக்கம் என்று ஒரு கட்டம். பட்டியலில் இருப்பவை சுற்றுலா, வணிகம், மருத்துவம். நான் போகும் காரியம் அதில் இல்லை. சுற்றுலா என்று போட்டேன். இந்தியாவில் உங்களை அறிந்தவர் யார் என்று இன்னொரு கட்டம். செங்கமலம் என்று எழுதினேன். நன்றாக அறிந்தவரா என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5

பதினேழு நாள் விடுப்புக் கேட்டேன். மேலாளர் காரணம் எழுதச் சொன்னார். எழுதினேன். படித்துவிட்டு, "உடம்பு சரியில்லையா லோகா?" என்றார்.

ஆகஸ்ட் 9

விசா வந்தது. கமலத்திடம் தேதியும் விமான எண்ணும் சொன்னேன். "சரிங்க" என்றாள். பின்னால் யாரோ என்ன என்று கேட்டார்கள். அவள் என்ன சொன்னாள் என்பது காதில் விழவில்லை.

ஆகஸ்ட் 17, ஆவணி 1

காலை எட்டரைக்குத் திருச்சியில் இறங்கினேன். அந்த 40 சட்டையில் கீழ் இரண்டு பொத்தான்கள் சேரவில்லை. வேட்டியை உயர்த்திக் கட்டி மறைத்திருக்கிறேன். வெளியே வந்து அரைமணி நேரம் நின்றேன். பிறகு என் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஓட்டுநர் வந்தார்.

கமலம் டாக்சி அனுப்பியிருந்தாள். ஏர்கண்டிஷன் இருந்தது.